ஐந்தாம் பக்கத்துச் சீட்டு

புதுச்சேரி சாரத்தில் நான் வேலை பார்த்த பதிப்பகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண் போன வாரம் போன் செய்தார். பிள்ளைகளுக்கு வாழ்க்கை வரலாறு எழுதுகிறவர். "சார், ஒவ்வொரு தகவலுக்கும் ஓரத்துல ஒரு சீட்டு குத்தணும்ங்கறாங்க. எல்லாமே கம்ப்யூட்டர்ல கெடைக்குது. இந்தச் சீட்டெல்லாம் எதுக்கு? உங்களக் கேக்கச் சொன்னாங்க" என்றார்.

சீட்டு வழக்கத்தை ஆரம்பித்தது நான் இல்லை. ஆனால் எனக்குத் தெரிந்து அதை ஏமாற்றிய ஆள் நான் ஒருவன்தான். போனில் சொல்லி முடியாது, எழுதித் தருகிறேன் என்றேன். அதுதான் இது.

என் பெயர் ஏழுமலை. அந்தப் பெயரில் நான் ஒரு வரிகூட எழுதியதில்லை. 'மிதிவண்டி மாமா' என்ற பெயரில் முப்பதுக்கும் மேல் புத்தகங்கள் வந்தன. பாதி வாழ்க்கை வரலாறு, பாதி மாயக்கதை. பின்னட்டையில் ஆசிரியர் படம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சைக்கிள் படம் இருக்கும்.

செஞ்சிப் பக்கம் பிறந்தேன். ஆறாம் வகுப்பு பாதியில், பதினோரு வயதில் வீட்டை விட்டு வந்தேன். விழுப்புரத்தில் ஓட்டலில் இலை எடுத்தேன். லாரியில் கிளீனராகப் போனேன். மரக்காணத்தில் உப்பு வாரினேன், பம்பாயில் கேன்டீனில் வெங்காயம் உரித்தேன். எந்த இடத்திலும் மூன்று வருடம் சேர்ந்தாற்போல் இருந்ததில்லை. யாரும் துரத்தவில்லை, எனக்கே கால் நிற்காது. அப்படி ஒருமுறை புதுச்சேரியில் இறங்கி, சாரத்தில் ஓர் அச்சகத்தோடு சேர்ந்த பதிப்பகத்தில் பைண்டிங் வேலைக்குச் சேர்ந்தேன். இரண்டாயிரம் பிறந்து ஒரு வருடம் ஆகியிருக்கும். எனக்கு நாற்பத்தைந்து வயது.

நான் ஒழுங்காகப் படிக்கக் கற்றது அங்கேதான், தாள் மடித்துக்கொண்டே. முப்பத்திரண்டு பக்கப் புத்தகம் என்றால் எட்டுத் தாள். ஒன்றுக்குள் ஒன்றாக வைத்து நடுவில் இரண்டு பின் அடித்தால் புத்தகம். மடிப்பதற்கு முன் தாளைப் பிரித்து வைத்தால் ஐந்தாம் பக்கத்துக்குப் பக்கத்தில் இருபத்தெட்டாம் பக்கம் இருக்கும். அதனால் ஒரு பெரிய மனிதர் இடது பக்கம் கண்ணை மூடிக்கொண்டிருப்பார், வலது பக்கம் பம்பரம் விட்டுக்கொண்டிருப்பார். நடுவில் என்ன ஆனது என்று தெரிய அடுத்த கட்டுக்குக் காத்திருக்க வேண்டும். காத்திருக்கப் பொறுமை இல்லாமல் நடுக்கதையை நானே கட்டி, கூட மடிக்கும் பெண்களுக்குச் சொல்வேன். உண்மையான தாள் வந்ததும் அஞ்சலை என்பவள் சிரிப்பாள். "யோவ், நீ சொன்னதுல அவரு ராஜாவ அடிச்சாரு. இதுல பரீட்சையில ஃபெயில் ஆயிக்கீறாரு. உன்னுதுதான்யா நல்லாருக்கு."

அதைக் கேட்டுவிட்டுத்தான் செலின் மேடம் என்னைக் கூப்பிட்டார். பதிப்பகம் அவருடையது. என்னைவிட இரண்டு வயது பெரியவர். அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்து ஓய்வு பெற்றவர், புதுச்சேரிப் பேச்சில் சொல்தா. மேடம் சில வருடம் டீச்சராக இருந்துவிட்டு, பிள்ளைகள் படிக்க உருப்படியான புத்தகம் இல்லை என்று இதை ஆரம்பித்தவர். சத்தம் போட மாட்டார். கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். துடைத்துக்கொண்டே மூக்கால் "நோ, நோ, நோ" என்பார். மூன்றாவது 'நோ' வருவதற்குள் நமக்கு வியர்த்துவிடும்.

"சொன்னத எழுதுங்க ஏழுமலை."

"எனக்குப் பிழை இல்லாம எழுத வராது மேடம்."

"பிழைய நான் பாத்துக்கறேன். நீங்க எழுதுங்க."

எழுதினேன். கடலுக்கடியில் பள்ளிக்கூடம் நடத்தும் நண்டைப் பற்றி. அது அச்சானது. சொந்தப் பெயர் வேண்டாம் என்றேன். ஊரில் அண்ணன்கள் இருக்கிறார்கள். அவர்கள் பிள்ளைகள் கையில் அந்தப் புத்தகம் போய், இவன் அவன்தானா என்று ஒரு பேச்சு கிளம்புவது எனக்கு வேண்டியிருக்கவில்லை. மேடம் ஏன் என்று கேட்கவில்லை. ஜன்னல் வழியாக என் சைக்கிளைப் பார்த்தார். பெயர் வைத்துவிட்டார்.

மாயக்கதைக்குச் சீட்டு கிடையாது. நண்டு என்ன பாடம் வேண்டுமானாலும் நடத்தலாம். வாழ்க்கை வரலாறு அப்படி இல்லை. கட்டிங் மெஷினில் விழும் வெட்டுத்தாளை விரல் நீளத்துக்கு நறுக்கி மேடம் ஒரு டப்பாவில் வைத்திருப்பார். நாம் எழுதிய ஒவ்வொரு செய்திக்கும் நேராக ஒரு சீட்டு குத்த வேண்டும். அதில் மூன்று விஷயம் இருக்க வேண்டும். யார் சொன்னது, எங்கே, நேரிலா தாளிலா. சீட்டு இல்லாத வரியைச் சிவப்புப் பென்சிலால் ஒரே கோடாக அடித்துவிடுவார். 'அவர் சிறு வயதிலேயே அறிவில் சிறந்து விளங்கினார்' என்று நான் எழுதிய வரிக்குப் பக்கத்தில் 'பக்கத்து வீட்டுக்காரர் சொன்னாரா?' என்று எழுதியிருந்தார். சொல்லவில்லை. கோடு விழுந்தது.

இன்னொரு கண்டிப்பும் உண்டு. ஐந்தாம் ஆறாம் பக்கம் குழந்தைப் பருவமாகத்தான் இருக்க வேண்டும். "பிள்ளைங்க புக்கைத் தொறந்ததும் மொதல்ல ஒரு பிள்ளையத்தான் தேடும். அது கெடைக்கலன்னா மூடிடும்" என்பார். எனக்கு அது கஷ்டமான இடம். பெரியவர்களைப் பற்றிச் சொல்ல ஆபீஸ் ஆள், நண்பர், தாள் எல்லாம் கிடைக்கும். ஒன்பது வயதில் அவர் என்ன செய்தார் என்று சொல்ல ஆள் மிஞ்சியிருப்பதில்லை.

நான் சேர்ந்து நாலு வருடம் கழித்து, நம் பக்கத்து ஊர்களில் வாழ்ந்தவர்களைப் பற்றி ஒரு வரிசை போடலாம் என்று மேடம் சொன்னார். முதல் புத்தகம் எனக்கு. இருசப்பன் என்று ஓர் ஓவர்சியர். பாகூர்ப் பக்கம் ஒரு சின்ன ஊர்க்காரர். வேலையில் இருந்த காலம் முழுக்க அந்தப் பக்கத்து ஏரிகளையும் வாய்க்கால்களையும் சங்கிலி போட்டு அளந்து, ஆக்கிரமித்த இடங்களை மீட்டவர். மிரட்டல், மாற்றல், எல்லாம் பார்த்தவர். இறந்து சில வருடம் ஆகியிருந்தது. கூட வேலை செய்தவர்கள் நிறையச் சொன்னார்கள். சங்கிலி பிடித்த ஒருவர், "அவரு பையில எப்பவும் ஒரு பழைய கயிறு இருக்கும், முடிச்சு முடிச்சா. எதுக்குன்னு கேட்டா சிரிப்பாரு" என்றார். அதைக் கடைசிக் காலம் பற்றிய இருபத்தெட்டாம் பக்கத்தில் போட்டேன். பிள்ளைகளுக்கு ஒரு நல்ல குணமும் சொன்ன மாதிரி இருக்கட்டும் என்று, 'அறுந்த கயிற்றைக்கூட வீணாக்காமல் முடிந்து வைத்துக்கொள்ளும் சிக்கனம் அவரிடம் இருந்தது' என்று ஒரு வரி சேர்த்தேன். கயிற்றுக்குச் சீட்டு இருந்ததால் சிக்கனமும் அதன் முதுகில் ஏறித் தப்பித்துவிட்டது.

குழந்தைப் பருவத்துக்கு ஒரே வழி அவர் தம்பி கலியபெருமாள். மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் வாட்ச்மேனாக இருந்தார். ஊருக்கும் வேலைக்கும் அவ்வளவு தூரம் என்பதால் பெரும்பாலும் கம்பெனியிலேயே தங்கிவிடுவார். சைக்கிளில் இரண்டு முறை வீட்டுக்குப் போனேன். ஆள் இல்லை. ஒருமுறை சேதராப்பட்டுக்குப் போனேன். அன்றைக்கு அவர் ஊருக்குப் போயிருந்தார். நாலாவது முறை போயிருக்கலாம். தடுத்தவர் யாரும் இல்லை. ஆனால் அச்சுக்கு நாள் குறித்தாயிற்று, ஐந்தாம் பக்கம் வெள்ளையாக இருந்தது.

உட்கார்ந்து எழுதினேன். ஒன்பது வயது இருசப்பன், அப்பா அடித்ததால் வீட்டை விட்டு ஓடி, தண்ணீர் வற்றிய ஏரியின் மதகுக்குள் போய் ஒளிந்துகொள்கிறான். கரைமேல் போகிறவர்களின் காலடிச் சத்தத்தை எண்ணுகிறான். இரண்டாம் நாள் காலையில் அப்பா தோளில் துண்டோடு கரை கரையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் தேடி வந்து, குனிந்து மதகுக்குள் கை நீட்டித் தூக்கிக்கொள்கிறார். என்னைக் காத்த ஏரியை நான் காப்பேன் என்று பையன் நினைத்துக்கொள்கிறான். நான் அவ்வளவு வேகமாக எதையும் எழுதியதில்லை. அடித்தல் திருத்தல் இல்லை. சீட்டில் 'தம்பி கலியபெருமாள், அவர் வீட்டில், நேரில்' என்று எழுதிக் குத்தினேன். மேடம் படித்துவிட்டு, "இதுவரைக்கும் நீங்க எழுதுனதுல இதுதான் நல்ல அஞ்சாம் பக்கம்" என்றார். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

புத்தகம் பள்ளிக்கூடங்களுக்குப் போனது. மதகுப் பகுதியைப் பேச்சுப் போட்டிகளில் ஒப்பித்தார்கள். நாலு மாதம் கழித்து ஒரு காலையில், காக்கிச் சட்டை போட்ட பெரியவர் ஒருவர் பைண்டிங் வாசலில் வந்து நின்றார். கையில் புத்தகம்.

"இங்க யாருப்பா மிதிவண்டி மாமா?"

அஞ்சலை மடிப்பை விட்டுக் கையெடுக்காமலே என்னைப் பார்த்து மோவாயை நீட்டினாள். "அதோ கீறாரு மாமா. மிதிவண்டி வெளியில நிக்குது."

"நான் கலியபெருமாளு. இருசப்பன் தம்பி."

நான் எழுந்து நின்றேன். அதற்குள் மேடம் தன் அறையிலிருந்து வந்து, அவரே கூட்டிப்போய் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். அண்ணனைப் பற்றிப் புத்தகம் போட்டதற்கு நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்திருப்பார் போல.

"என் பேத்தி பள்ளிக்கூடத்துல இதப் பேசி பரிசாத் தட்டு வாங்கிட்டு வந்துச்சு. எனக்குப் படிச்சும் காட்டுச்சு. ஏம்மா, எங்கப்பன் துண்டப் போட்டுக்கினு தேடுனான்னு போட்டுக்கீறீங்களே. எங்கப்பன் சாவும்போது அண்ணனுக்கு ஆறு வயசு. எனக்கு நாலு. செத்தவன் எப்படிம்மா ஏரிக்கரைல நடப்பான்?"

மேடம் எழுந்துபோய் அந்தப் புத்தகத்தின் கோப்பை எடுத்து வந்தார். ஐந்தாம் பக்கத்தைத் திருப்பினார். "ஐயா, நீங்க சொன்னதாத்தான் சீட்டு இருக்குது."

"நானா? இந்தாள இன்னிக்குத்தாம்மா பாக்கறேன். எங்கண்ணன் ஒரு நாளும் வூட்ட உட்டு ஓடல. அத உடுங்க. எங்கம்மா எங்க? பூங்காவனம்னு ஒருத்தி. நாத்து நட்டு, களை எடுத்து, ரெண்டு பேரையும் ஆளாக்குனா. எங்கண்ணனும் போய்ட்டான். அவள ஞாபகம் வெச்சிருக்கறவன் நான் ஒருத்தன்தான். நாளைக்கு நானும் போய்ட்டா இந்தப் புக்குதான் இருக்கும். இதுல மொதல்லேர்ந்து கடைசி வரிக்கும் தேடிட்டேன். அவ இல்ல. வளக்காத எங்கப்பன் இருக்கறான்."

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். ஆனால் 'நோ' வரவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"ஏழுமலை. இது யார் சொன்னது?"

"நான்தான் மேடம்."

"உங்களுக்கு யார் சொன்னது?"

"எனக்கு நடந்தது."

"முழுக்கவா?"

"தேடிட்டு வந்தது நடக்கல."

 கலியபெருமாள் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"எத்தினி நாளு இருந்தே மதகுல?"

"ரெண்டு நாள். மூணாம் நாள் ரோட்டுக்கு வந்து லாரி ஏறிட்டேன்."

"துன்றதுக்கு?"

"புளியங்காய்."

"ம்." அவர் புத்தகத்தை மேசைமேல் வைத்தார். "சரி. அது உன் கதை. பாவமாத்தான் இருக்குது. அதுக்காக எங்கம்மா இருந்த எடத்த நீ எடுத்துப்பியா?"

மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. மேடம் டப்பாவிலிருந்து ஒரு வெற்றுச் சீட்டை எடுத்து எனக்கு முன் வைத்தார். "எழுதிக்குங்க. ஐயா, நீங்க சொல்லுங்க."

அவர் சொன்னது இது. அந்த ஊரில் ஒரு நிலக்காரர் நட்ட இடத்தைக் கோலால் அளந்து, அந்தக் கோல் கணக்கில்தான் நடவுக்கூலி கொடுப்பார். கோல் அவருடையது. நாளெல்லாம் நட்டாலும் கோல் கணக்கில் குறைவாகவே வரும். பூங்காவனத்துக்குச் சந்தேகம். சேலைக் கரையைக் கிழித்துத் திரித்துக் கயிறாக்கி, தன் முழங்கையால் அளந்து முழத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டார். எட்டு வயது இருசப்பன் கையில் ஒரு முனையைக் கொடுத்து, வரப்பில் ஓடச் சொல்லி, முடிச்சை எண்ணச் சொன்னார். பையன் எண்ணினான். பிறகு எல்லோரும் பார்க்க நிலக்காரரின் கோலை அந்தக் கயிற்றோடு வைத்தார்கள். கோல் இருக்க வேண்டியதைவிட ஒரு முழம் கூடுதல் நீளம். அடுத்த நடவுக்குக் கோல் மாறியது.

"அந்தக் கயித்த எங்கண்ணன் சாவுற வரிக்கும் பையிலயே வெச்சிருந்தான்" என்றார் கலியபெருமாள்.

மேடம் கோப்பில் இருபத்தெட்டாம் பக்கத்தைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். 'சிக்கனம்' என்ற சொல்லின் மேல் அவர் விரல் இருந்தது.

வேலை போய்விட்டது என்றுதான் நினைத்தேன். போனால் என்ன, நடந்து பழகிய கால்தானே என்று ஒரு பக்கம் தோன்றியது. இன்னொரு பக்கம், வாழ்க்கையில் முதல்முறையாக ஓரிடத்தை விட்டுப் போகப் பிடிக்கவில்லை என்பதும் தெரிந்தது. கலியபெருமாள் போன பிறகு மேடம் கேட்டார். "அஞ்சாம் பக்கம் இருக்கற தாளை மட்டும் மாத்துனா போதுமில்ல?"

"ஆமா மேடம். அஞ்சு, ஆறு, இருபத்தேழு, இருபத்தெட்டு. ஒரே தாள்."

"வசதியாப் போச்சு. ரெண்டு பொய்யும் ஒரே தாள்ல இருக்குது. புதுசா எழுதுங்க, அடிச்சுத் தர்றேன். எந்தெந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்குதோ அங்கெல்லாம் மிதிவண்டி மாமாவே போகணும். உங்க கையால பின்னைப் பிரிச்சு, பழைய தாளை எடுத்துட்டு, புதுத் தாளை வெச்சுப் பின் அடிக்கணும். எதுக்குன்னு பிள்ளைங்ககிட்ட நீங்களே சொல்லணும்."

ஏழு வாரம் சுற்றினேன். பின் பிரிக்க ஒரு தட்டைக் கத்தி, ஒரு பெரிய ஸ்டேப்ளர், கேரியரில் தாள் கட்டு. பாகூரிலிருந்து வீராம்பட்டினம் வரை எந்தப் பள்ளிக்கூடத்தில் நல்ல தண்ணீர் கிடைக்கும் என்று எனக்குத் தெரிந்துபோனது. மிதிவண்டி மாமா என்றால் டை கட்டின தலைமையாசிரியர் என்று பிள்ளைகள் நினைத்திருந்தார்கள். வேர்த்துப்போய் வந்து தரையில் உட்கார்ந்து பின் பிரிக்கிற ஆளைப் பார்த்து முதலில் நம்பவில்லை. சைக்கிளைக் காட்டிய பிறகுதான் நம்பினார்கள். "நான் கேட்காம எழுதிட்டேன். தப்பு. இப்ப கேட்டு எழுதியிருக்கேன்" என்பேன். அவ்வளவுதான். பிள்ளைகள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முழம் போட்டுத் தங்கள் பெஞ்சை அளக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

தண்டனை என்று மேடம் நினைத்தாரோ என்னவோ, எனக்கு அந்த ஏழு வாரமும் நன்றாக இருந்தது. சுற்றுவதற்கு முதல்முறையாக ஒரு காரணம் கிடைத்திருந்தது.

வீராம்பட்டினத்தில் ஒரு வகுப்பில் ஒரு பெண் மட்டும் புத்தகத்தைத் தர மறுத்து மார்போடு வைத்துக்கொண்டாள். நாலாம் வகுப்பு.

"இந்தத் தாளை எடுத்துட்டா மதகுக்குள்ள இருக்கற பையன் எங்க போவான்?"

"அது இருசப்பன் இல்லம்மா."

"அது தெரியும். நீங்கதான் சொன்னீங்களே. அது யாரோ. அந்த யாரோ எங்க போவான்?"

டீச்சர் அதட்டினார். நான் வேண்டாம் என்றேன். அவள் புத்தகத்தில் புதுத் தாளை வைத்துப் பின் அடித்து, பழைய தாளை அவளிடமே கொடுத்தேன். மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். வழியெல்லாம் அவள் கேட்டதே ஓடிக்கொண்டிருந்தது.

அவனை ஒரு மாயக்கதையில் வைத்துவிடலாம் என்று எழுத ஆரம்பித்தேன். மதகுக்குள் ஒரு கதவு, அதற்குள் தண்ணீர் மனிதர்கள், வற்றிய ஏரிகளையெல்லாம் சுருட்டிப் பாயைப் போல அடுக்கி வைத்திருக்கும் ஒரு கிழவர். நன்றாகவே போனது. ஆனால் முடிவில் பையன் மதகிலிருந்து வெளியே வர வேண்டும். யாராவது வந்து கூப்பிட வேண்டும். யாரை வைத்து எழுதினாலும் பொய்யாக இருந்தது. நண்டைப் பள்ளிக்கூடம் நடத்த வைத்தவனுக்கு இது மட்டும் வரவில்லை. இரண்டு மாதம் அந்தக் கடைசிப் பக்கம் வெள்ளையாகவே கிடந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு பாகூர்ப் பக்கம் போனேன். இந்த முறை கலியபெருமாள் வீட்டில் இருந்தார். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

"என்னா, இன்னொரு தாளு மாத்தணுமா?"

"இல்லைங்க. ஒண்ணு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

சொன்னேன். மதகுக்குள் இருக்கும் பையனை ஏரிப்பக்கம் நடவுக்கு வந்த ஓர் அம்மாள் பார்த்து அழைத்துப் போவதாக எழுத வேண்டும், அந்த அம்மாள் பூங்காவனமாக இருக்கலாமா என்று கேட்டேன். மாயக்கதைப் புத்தகத்தில்தான், வாழ்க்கை வரலாற்றில் இல்லை என்பதையும் சொன்னேன்.

அவர் வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு மாட்டைத் தடவிக்கொடுத்தார்.

"பாத்திருந்தா கூட்டினுதான் வந்திருப்பா. ரெண்டோட மூணா வளத்திருப்பா" என்றார். "போட்டுக்கோ. ஆனா ஒண்ணு. எங்கம்மா கட்டிப் புடிச்சு அழ மாட்டா. கண்ணே மணியேன்னு சொல்ல மாட்டா. 'எழுந்து வாடா, சோறு ஆறுது'ன்னுவா. திரும்பிப் பாக்காம முன்னால நடப்பா. அவ்ளோதான். அதுக்கு மேல ஒரு வார்த்த சேத்தே, மறுபடியும் வந்து நிப்பேன்."

சட்டைப் பையில் ஒரு வெட்டுத்தாள் சீட்டு வைத்திருந்தேன். 'சொன்னது: தம்பி கலியபெருமாள், அவர் வீட்டில், நேரில்' என்று எழுதினேன். பழைய சீட்டில் இருந்த அதே சொற்கள்தான். அவரிடம் நீட்டினேன். வாசலில் குந்தி, பேனாவை அழுத்திப் பிடித்துக் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் கடைசிப் பக்கத்தை எழுதி, ஓரத்தில் அதைக் குத்தி மேடம் மேசையில் வைத்தேன். "மாயக்கதைக்கு எதுக்குச் சீட்டு ஏழுமலை?" என்றார். பிறகு படித்தார். சிவப்புப் பென்சிலை எடுத்துவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்தார்.

அந்தப் பக்கத்தில் அம்மாள் பேசுவது ஒரே வரி. எழுந்து வாடா, சோறு ஆறுது. அதற்கு மேல் ஒரு வார்த்தையும் நான் சேர்க்கவில்லை.